மண்டபத்துக்குக் கீழே ஒரு கிணறு

ஒரு கரையோர ஊரின் ஒரேயொரு நல்லதண்ணிக் கிணற்றை நான் அரைப் பிளேட் ஒன்றால் சுரண்டி அழித்திருக்கிறேன். அழித்த பிறகு அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மினுக்கியும் விட்டேன். முக்கால் மணித்தியால வேலை. முடிந்ததும் தலையைச் சரித்துப் பார்த்து, கை இன்னும் கெடவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி கணினியில் வீட்டுப் படம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள். அழகுக்காக வைத்த மரம் ஒன்று வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு பொத்தானைத் தட்டினாள். மரம் பின்னுக்குப் போனது, வாசல் முன்னுக்கு வந்தது.

“முந்தி இதை எப்பிடிச் செய்தனீங்கள், சேர்?” என்றாள்.

“முந்தி இதுக்குச் சயிக்கிளிலை போகவேணும், பிள்ளை.”

அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

நான் அரியாலைக்காரன். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, நேர்கோடு என்பது மனத்தில்தான் நேராக இருக்கும் என்று தெரிந்துகொண்டு, நல்லூரில் கட்டடப் படம் கீறும் தனியார் கந்தோர் ஒன்றில் படவரைஞனாகச் சேர்ந்தேன். வாடகை வீடு. விறாந்தையில் மேசைகள், குசினியில் அமோனியா வைத்துப் பிரதி எடுக்கும் பெட்டி. அந்த நெடி சட்டையில் ஏறினால் பஸ்சில் பக்கத்து ஆசனம் எப்போதும் காலியாக இருக்கும். அது ஒரு சலுகை.

எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டுக் காசில் கரையோரங்களைத் திருத்தும் ஒரு திட்டம் வந்தது. படமெல்லாம் கணினியில்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டு, கணினியையும் அவர்களே தந்தார்கள். அதைப் பழக ஒருவரைக் கொழும்புக்கு ஆறு கிழமை அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி பிள்ளைகள் இல்லாதவன் என்ற ஒரே தகுதியில் நான் போனேன். பத்தாம் நாள் நாட்டு நிலைமை சரியில்லை என்று வகுப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சான்றிதழ்கள் முன்னரே அச்சாகிவிட்டதால் ஆறு கிழமைக்கும் சேர்த்துத் தந்துவிட்டார்கள். ஆறு கிழமைச் சான்றிதழும் பத்து நாள் அறிவுமாக ஊர் திரும்பினேன். அந்த இடைவெளியை மறைப்பதுதான் அடுத்த இரண்டு வருடம் என் முழுநேர வேலை.

மறைக்கவேண்டிய ஆள் ஒருவர்தான்: தலைமைப் படவரைஞர் மிஸ் சிவபாக்கியம். ஐம்பது வயது. உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பம். கைப்பிடியில் குடையைக் கட்டிக்கொண்டு தினமும் சயிக்கிளில் வருவார். அவர் யாரையும் ஏசி நான் கண்டதில்லை. கீறிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார். எழுந்து யன்னலுக்குப் போவார். தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். முன்பக்கம் நாங்கள் காட்ட விரும்பியது, பின்பக்கம் நாங்கள் செய்தது. பிறகு பென்சிலின் மொட்டை முனையை ஓரிடத்தில் வைத்து, “உதென்ன?” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து சம்பளத்தைக்கூட வாங்காமல் வேலையை விட்டுப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அவருடைய பழைய முறையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு காணியின் படம் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து றேசிங் தாள்கள். அடியில் நிலமும் எல்லையும், அதன்மேல் ஏற்கெனவே உள்ள கட்டடம், அதன்மேல் பாதை, வாய்க்கால், கடைசியில் புதிதாகக் கட்டப்போவது. நாலு மூலையிலும் ஊசி குத்தி, ஓட்டைக்கு ஓட்டை சரியாக அடுக்குவார். றேசிங் தாள் நாகரிகமான பண்டம். மேலே வந்து உட்கார்ந்தாலும் கீழே இருப்பவரை முழுக்க மறைக்காது, மங்கலாகவாவது தெரியவிடும். கணினி அப்படியல்ல. கடைசியாகக் கீறியது எதுவோ அது மேலே ஏறி நிற்கும். அதற்குள் நிறம் நிரப்பியிருந்தால், கீழே இருப்பது அடியோடு காணாமல் போகும். நெரிசல் பஸ்சில் கடைசியாக ஏறிய தடியன் எல்லாருடைய முகத்தையும் மறைப்பதுபோல.

இது பதினோராம் நாள் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

அளவைப் படங்களிலேயே இரண்டு வருடம் போனபின் வந்த, திட்டத்தின் முதல் கட்டட வேலை, குருநகர்ப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்துக்கு மீனை ஏலம் கூறி விற்கும் மண்டபம். அளவைக்குப் போனவர்கள் குறிப்புக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்: கரைக்கோடு, வள்ளம் இழுத்துவிடும் இடங்கள், கடலுக்கு இறங்கும் பாதை, வலை வைக்கும் கொட்டில்களான இரண்டு வாடி, ஒரு கிணறு. நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம்.

ஒரு கிழமை கழித்துத் திட்டத்தின் எஞ்சினியர் வந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரர். எல்லாரையும் ‘ஐசே’ என்பார். மிஸ் அன்று இல்லை. தமக்கையின் மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை லீவு.

“உந்த வெளியிலை போடும், ஐசே. றோட்டுக்கும் கிட்ட.”

மண்டபத்தைப் போட்டேன். நீட்டுச் சதுரம். உள்ளே மஞ்சள் நிரப்பினேன். திரையில் மஞ்சள் நிறம் கண்டது அவருக்கும் அதுதான் முதல் தடவை. இருவரும் கொஞ்ச நேரம் ரசித்தோம்.

“ஒண்டும் இடிபடேல்லையே?”

திரையைப் பார்த்தேன். மஞ்சள், ஒரு புள்ளி அழுக்கில்லாத மஞ்சள். “ஒண்டுமில்லை ஐயா. துப்பரவான வெளி.”

அவர் போனபின் படத்தைப் பிளாஸ்ரிக் தாளில் கீறக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துத் தானே ஓடி ஓடிக் கீறும் இயந்திரம் ஒன்றும் கணினியோடு வந்திருந்தது. அதற்கு நிறம் நிரப்பத் தெரியாது; நிரப்பச் சொன்னால் மை தீரும்வரை உழுதுகொண்டே இருக்கும். அதனால் நிரப்பலை நிறுத்திவிட்டுக் கோடுகளை மட்டும் கீறவிட்டேன். தாள் வெளியே வந்தது. மண்டபத்தின் நடுவே ஒரு சின்ன வட்டம்.

ஒரு புத்திசாலி இந்த இடத்தில் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். திரையில் இல்லாதது தாளில் எப்படி வரும்? வராது. ஆகவே இது இயந்திரத்தின் பிழை. இயந்திரத்தின் பிழையை மனிதன் திருத்த வேண்டும். பத்து வருடமாக மைப் பிழைகளைத் திருத்திய கை தன்பாட்டில் மேசை லாச்சிக்குள் போனது. பிளேட்டை நீளவாக்கில் முறித்து, தாளோடு படுக்கையாகப் பிடித்து, மையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும், தாள் கீறப்படக்கூடாது. பிறகு நகத்தால் தேய்த்து மினுக்கு. அழகாகச் செய்தேன். பிரதிகள் போயின. மேலிடத்தில் ஒப்புதல் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள்.

லீவு முடிந்து வந்த மிஸ், தாளை யன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பினார். மொட்டைப் பென்சில் மண்டபத்தின் நடுவில் போய் நின்றது.

“உதென்ன?”

சுரண்டி மினுக்கிய இடம் வெளிச்சத்தில் ஒரு வளையமாகப் பளபளத்தது. அவ்வளவு வெளிச்சம் அந்தத் தாளில் வேறெங்கும் இல்லை.

“மெஷின் விட்ட பிழை, மிஸ். சும்மா ஒரு வட்டம் கீறிப்போட்டுது. நான் எடுத்துப்போட்டன்.”

“மெஷின் சும்மா வட்டம் கீறுமோ?”

“சிலவேளை...”

“கொப்பியை எடும்.”

குறிப்புக் கொப்பியைப் புரட்டினார். கடைசிக்கு முதல் பக்கத்தில், அளவைக்காரரின் கோழிக் கிறுக்கலில், ‘கிணறு, நல்லதண்ணி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்தான் ஊறும். நல்லதண்ணி ஊறும் ஓரிடத்தை அங்குள்ளவர்கள் எப்படிப் போற்றுவார்கள் என்பது, கிணற்றில் எட்டில் ஒரு பங்குக்காகப் பதினாலு வருடம் வழக்காடிய குடும்பத்தில் பிறந்த மிஸ்ஸுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவர் கொப்பியை மூடினார். “எப்ப அத்திவாரம் வெட்டினம்?”

“நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு. இண்டைக்கு முளை அடிக்கினம்.”

“சயிக்கிளை எடும்.”

நல்லூரிலிருந்து கரைவரை அவர் முன்னால் போனார், நான் பின்னால். வழியில் படையினரின் சென்றிப் பொயின்ற்றில் இறங்கி உருட்டியபோதுகூட என் பக்கம் திரும்பவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் போனபோது நாலு முளையும் அடித்தாயிற்று. கயிறும் கட்டியாயிற்று. கயிற்றுச் சதுரத்தின் நடுவே கிணறு. கிணற்றைச் சுற்றி வாளியும் குடமுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவே பிலோமினாக்கா என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெண்மணி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எஞ்சினியரைப் பார்த்து நின்றார்.

“ஐயா, மண்டபத்துக்கை கிணறு வருமோ, கிணத்துக்கை மண்டபம் வருமோ? எங்களுக்கு அதை மட்டும் சொல்லுங்கோ.”

“அம்மா, பிளானிலை கிணறு இல்லை,” என்றார் எஞ்சினியர், கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு.

“அப்ப இது என்ன?”

“இருக்கட்டும். பிளானிலை இல்லை.”

“பிளானிலை இல்லாத தண்ணியைத்தான் நாப்பது குடும்பம் குடிக்குது. நீங்களும் வந்த உடனை ஒரு செம்பு குடிச்சனீங்கள்.”

பெண்கள் சிரித்தார்கள். எஞ்சினியர் என்னைக் கண்டார். “ஐசே, நீர் சொல்லும். துப்பரவான வெளி எண்டு சொன்னீரோ இல்லையோ?”

பன்னிரண்டு பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். மிஸ் சயிக்கிளை ஒரு வாடியில் சாத்திவிட்டு வந்தார்.

“கிணறு இருந்தது, ஐயா. எங்கடை கந்தோரிலை விட்ட பிழை. மண்டபத்தை அங்காலை தள்ளிப் புதுப் பிளான் தந்தால் மாத்துவியளோ?”

எங்கடை என்றார். அந்தப் பன்மைக்கு நான் எந்த வகையிலும் தகுதியானவன் அல்ல.

எஞ்சினியர் மணிக்கூட்டைப் பார்த்தார். “நாளைக்கு எட்டு மணிக்குக் கூலியாக்கள் வருவினம், மிஸ். அதுக்கு முந்திப் பிளான் என்ரை கையிலை இருக்கவேணும். இல்லாட்டி ஒப்புதல் எடுத்த இடத்திலைதான் வெட்டவேணும். மேலிடத்துக்கு என்னாலை மறுமொழி சொல்லேலாது. கிணத்துக்கு வேறை இடம் பார்ப்பம்.”

“கிணத்துக்கு வேறை இடமோ?” என்றார் பிலோமினாக்கா. “கடலைக் கொஞ்சம் தள்ளி வைக்கேலாதோ, ஐயா?”

“அப்ப மத்தியானம் மூண்டு மணிக்குக் கந்தோருக்கு வாங்கோ,” என்றார் மிஸ் எஞ்சினியரிடம். “நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ எங்கை வைக்கிறதெண்டு.”

அந்த நாட்களில் எங்கள் பகுதிக்குக் கரண்ட் இரண்டிலிருந்து ஐந்து வரைதான். ஆறு மணிக்கு ஊரடங்கு. இயந்திரம் ஒரு தாளைக் கீறி முடிக்க ஒரு மணித்தியாலம். கணக்குப் பார்த்தால், இரண்டிலிருந்து நாலுக்குள் எல்லாம் முடியவேண்டும். இரண்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார். இரண்டு வருடமாக நான் தவிர்த்துவந்த காட்சி அது.

“கிணத்தைக் காட்டும்.”

கிணறு மஞ்சளுக்கு அடியில். குத்துமதிப்பாக வட்டத்தைப் பிடித்துக் கொஞ்சம் அசைத்தேன், மேலே வந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. திரையைப் புதுப்பித்தேன், மறுபடி கீழே போய்விட்டது. திரும்ப அசைத்தேன், வந்தது. புதுப்பித்தேன், போனது. தண்ணீருக்குள் அமத்திய தேங்காயை மறுபக்கமாகச் செய்ததுபோல் இருந்தது. இப்படி ஏழெட்டுத் தரம்.

“தம்பி,” என்றார் மிஸ், “நீர் எத்தினை கிழமை பழகினனீர்?”

“பத்து நாள், மிஸ்.”

“அப்பிடித்தான் நினைச்சனான்.” அதற்குமேல் அதைப் பற்றி அவர் வாழ்நாளில் கேட்கவில்லை. “இப்ப சொல்லும். உது ஏன் மேலை நிக்குது?”

“கடைசியாய்க் கீறினதெல்லே மேலை வரும்.”

“அப்ப கிணத்தைக் கடைசியாய்க் கீறும்.”

எவ்வளவு சின்ன விஷயம். மேலே தூக்கத் தேவையில்லை. அழித்துவிட்டுத் திரும்பக் கீறினால் போதும். கிணற்றை மட்டும் கீறப் போனேன். மிஸ் தடுத்தார். “நில்லும். மண்டபத்துக்குக் கீழை இன்னும் என்னென்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? எல்லாத்தையும் எடும். முதலிலையிருந்து ஒழுங்காய் வருவம்.”

“என்ன ஒழுங்கு, மிஸ்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பழைய தாள் அடுக்கில் நிலம் அடியில், புதியது மேலே. ஆனால் இது மறைக்கும் பண்டம். அந்த ஒழுங்கு இங்கே சரிவராது என்று அவருக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. எனக்கு இரண்டு வருடத்தில் பிடிபடவில்லை.

“ஆரின்ரை சாமானிலை கை வைச்சால் ஆர் சண்டைக்கு வருவினம் எண்டு பாரும். சண்டைக்கு வராததெல்லாம் கீழை. கூடச் சண்டைக்கு வாறது எல்லாத்துக்கும் மேலை.”

தொழில்நுட்பக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. கொப்பியை அவர் வாசிக்க வாசிக்க நான் கீறினேன். முதலில் கடல், அது யாரோடும் சண்டைக்கு வராது, வந்தால் தடுக்கவும் ஏலாது. பிறகு மணல். பிறகு திட்டத்தின் மண்டபம், மஞ்சளாகவே. “அவையள் கடிதம்தான் எழுதுவினம்,” என்றார் மிஸ். அதன்மேல் கடலுக்கு இறங்கும் பாதை. அதன்மேல் வாடிகள். அதன்மேல் வள்ளம் இழுக்கும் இடங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்தினுடையது, ஆகவே கவனமாக. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, கிணறு. சிவப்பு வட்டம். புதுப்பித்தேன். போகவில்லை. இன்னொரு தரம் புதுப்பித்தேன், இன்பத்துக்காக.

மூன்று மணிக்கு எஞ்சினியர் வந்து திரையைப் பார்த்தார். அவருடைய மஞ்சள் மண்டபத்தின் நடுவே, நெற்றியில் வைத்த குங்குமம்போலக் கிணறு.

“உது நல்லாயில்லை, ஐசே.”

“ஓம் ஐயா. அதுதான் தள்ளச் சொல்லிறம்,” என்றார் மிஸ்.

மேற்கே தள்ளினேன். மஞ்சளின்மேல் இரண்டு வள்ளங்கள் முளைத்தன. “அது ஆரின்ரை?” என்றார். மிஸ் கொப்பியைப் பார்த்து இரண்டு குடும்பத்தின் பெயரையும் சொன்னார். “சீச்சீ, எடும்.” கடற்பக்கம் தள்ளினேன், பாதை குறுக்கே ஓடியது. வடக்கே ஒரு வாடி. எங்கே வைத்தாலும் யாரோ ஒருவர் மஞ்சளின்மேல் ஏறி நின்று அவரைப் பார்த்தார்கள். மனிதர் வியர்த்துவிட்டார். கடைசியில் கிழக்கே நாற்பது அடி தள்ளியபோதுதான் ஒன்றும் ஏறவில்லை. துப்பரவான மஞ்சள், இந்தமுறை உண்மையாகவே.

“இதிலை வையும்,” என்றார், தானே கண்டுபிடித்தவர்போல. மிஸ் ஆமோதித்தார். பிளானை விடியக் கொண்டுவந்து தரும்படி சொல்லிவிட்டு அவர் போனார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கத் தாள் ஓடத் தொடங்கியது. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க முடிந்தது. மிஸ் அதை யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் பார்த்தார். பென்சிலை எடுக்கவேயில்லை. என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

மறுநாள் பிளானைச் சுருட்டிக்கொண்டு விடியவே வெளிக்கிட்டேன். சென்றியில் நீண்ட வரிசை. சுருட்டிய தாள் சுருட்டிய தாள்தான் என்பதை நிரூபிக்க அதை மூன்று தரம் விரித்துக் காட்டவேண்டியிருந்தது. கரைக்குப் போய்ச் சேர எட்டரை தாண்டிவிட்டது. மண்வெட்டிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. சயிக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கிணற்றடியில் பெண்கள் தண்ணி அள்ளிக்கொண்டிருந்தார்கள். கயிறு, முளை ஒன்றும் அங்கே இல்லை. அத்திவாரம் கிழக்கே, நான் கீறிய இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பிளானைக் கொடுத்தேன், வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சொல் தவறாத மனிதர், பிளான் வரமுன்னரே முளையை மாற்றிவிட்டார் என்று அவரைப் பற்றி உயர்வாக நினைத்தேன்.

அடுத்த எட்டு மாதம் நான் நடந்த நடை வேறு. அரியாலையில் யாராவது கணினி என்ன பிரயோசனம் என்று கேட்டால் போதும், நாற்பது குடும்பத்தின் தண்ணியைக் காப்பாற்றிய கதையைத் தொடங்கிவிடுவேன். பிளேட் வரும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்வேன்.

மண்டபத் திறப்புவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஆலயத்துப் பங்குச் சுவாமியார் ஆசீர்வாதம் பண்ணினார், எஞ்சினியர் பேசினார். பேச்சு நீண்டதால், தொழில் பழக்கத்தில், பையில் இருந்த அளவு நாடாவை எடுத்துக் கிணற்றிலிருந்து மண்டபச் சுவர்வரை அளந்தேன். என் பிளானைவிட மூன்றடி கூட. திரும்ப அளந்தேன். மூன்றடிதான். மனம் பொறுக்கவில்லை. பலகாரத் தட்டோடு வந்த பிலோமினாக்காவிடம், முளையை மாற்றியபோது எஞ்சினியர் சரியாக அளக்கவில்லையா என்று கேட்டேன்.

“எஞ்சினியரோ? அவருக்கு என்ன தெரியும்? அவர் நீங்கள்தான் முதல்நாள் பின்னேரமே வந்து மாத்தினதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்.” அவர் தட்டை என் பக்கம் நீட்டினார். “அண்டைக்கு நீங்கள் ரண்டுபேரும் சயிக்கிளிலை அங்காலை போக, பின்னாலை எஞ்சினியரும் வெளிக்கிட, நாங்கள் பொம்பிளையள் சேர்ந்து முளையளைப் புடுங்கி இங்காலை நட்டிட்டம், தம்பி. வலைக் கயித்தாலை அளந்துதான் நட்டனாங்கள்.”

நான் பெருமைக்காகச் சுருட்டிக்கொண்டு வந்திருந்த பிளான் பிரதியை விரித்து, மூன்றடி எங்கே என்று அவருக்குக் காட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அதைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி, கிணறு, பாதை, வள்ளம் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்மேல் இரக்கப்பட்டவர்போலச் சொன்னார்:

“பரவாயில்லை, தம்பி. நாங்கள் வைச்ச இடத்துக்குக் கிட்டத்தட்டக் கீறித்தான் இருக்கிறியள்.”